ஃபார்மட்டுக்கு முந்தைய மூன்று நாள்

அம்மா பாடிய தாலாட்டு ஒன்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. 2013இல் என் செல்போனில் பதிவுசெய்து, பிறகு எம்பி3 ஆக மாற்றி வைத்தது. நான்கு நிமிடம் ஓடும். அம்மா காலமாகி ஆறு வருடம் கழித்து, 2022 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, அந்தக் கோப்பின் பெயருக்குப் பின்னால் பொருளே இல்லாத நான்கு ஆங்கில எழுத்துகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். சொடுக்கினால் திறக்கவில்லை. குழந்தைகளின் படங்கள், மனைவியின் தையல் கணக்கு, அப்பா எழுதிவந்த ஊர்க்கதைகள் என்று எதைப் பார்த்தாலும் வாலில் அதே நான்கு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்றொரு சின்னக் கோப்பு முளைத்திருந்தது. அதில் மிரட்டல்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர்.

அன்றைய மதிப்பில் அந்தப் பாதியே ஏறக்குறைய முப்பத்தெட்டாயிரம் ரூபாய். "கட்டிடலாமாங்க? அத்தை குரல் அதுல இருக்கே" என்றாள் மனைவி. கட்டவில்லை. பணம் போனாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த வீட்டுக்கு இதே கதியைக் கொண்டுபோகும்.

எப்படி வந்தது என்பதை மறுநாள் மகன்தான் சொன்னான். பதினொன்றாம் வகுப்பு. பள்ளிப் போட்டிக்கு ஒரு வீடியோ தயாரிக்க வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய எடிட்டிங் மென்பொருளை 'கிராக்' செய்து இலவசமாகத் தருகிறோம் என்ற ஓரிடத்திலிருந்து இறக்கியிருக்கிறான். நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள் என்று அதிலேயே எழுதியிருந்ததாம், நிறுத்தியிருக்கிறான். உடனே விண்டோஸ் அப்டேட் ஆவதுபோல ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. அப்டேட் நடுவில் அணைக்கக் கூடாது என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பிள்ளை பொறுமையாகக் காத்திருந்தான். அந்தப் பொய் அறிவிப்புக்குப் பின்னால் ஒவ்வொரு கோப்பாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது.

ஸ்டாப்-டிஜேவியூ என்று சொல்லப்படும் ரான்சம்வேர் குடும்பத்தின் வழக்கமான வேலை இது. வீட்டுக் கம்ப்யூட்டர்களைத்தான் அது அதிகம் பிடித்தது. பெரும்பாலும் கிராக், கீஜென் வழியாகவே நுழைந்தது. அவனைத் திட்டவில்லை. பயத்தில் ஒரு இரவு முழுக்கச் சொல்லாமல் இருந்தானே, அதுதான் எனக்கு உறுத்தியது. அந்த இரவு முழுக்கக் கம்ப்யூட்டர் இணையத்தோடு இணைந்தே கிடந்தது. உங்கள் வீட்டில் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: கம்ப்யூட்டரில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்கு, வைஃபை என்றால் ரவுட்டரை அணை, பென் டிரைவ் செருகியிருந்தால் உருவு, சுவரில் இருக்கும் சுவிட்சை அணை, அப்புறம் வந்து சொல், திட்ட மாட்டோம்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்ணிட்டா போதும் சார், டி-யைத் தொட வேணாம். ஒரு மணி நேரத்துல தந்துடறேன்" என்றார் அங்கிருந்த தம்பி. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நம் வீடுகளில் டி டிரைவில் என்ன இருக்கும்? 'சாஃப்ட்வேர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஏழெட்டு வருடமாக யார் யாரிடமோ வாங்கிச் சேர்த்த செட்டப் கோப்புகள் அத்தனையும் அதில் கிடக்கும். மகன் இறக்கிய கிராக்கும் அதற்குள்தான் இருந்தது. சி-யைச் சுத்தம் செய்துவிட்டு டி-யை அப்படியே விட்டால், என்றைக்காவது ஒருவர் அதே கோப்பைச் சொடுக்குவார். தவிர, கடையில் போட்டுத்தரும் விண்டோஸே ஏதாவது ஆக்டிவேட்டர் வைத்து ஓட்டுவதாக இருந்தால், ஒரு கிராக்கை வெளியேற்றிவிட்டு இன்னொன்றை வரவேற்றதாக ஆகும். வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தேன்.

ஆன்டிவைரஸ் ஓட்டிச் சுத்தம் செய்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளம் எதுவுமே அந்தக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த முகவரிகளையெல்லாம் வைரஸ் அடைத்து வைத்திருந்தது. இந்தக் குடும்பம் பல சமயம் தனியாக வருவதில்லை, பாஸ்வேர்டு திருடும் நிரல் ஒன்றையும் கூட்டிக்கொண்டு வரும். மூன்றைப் பிடித்தேன், அழித்தேன் என்று ஆன்டிவைரஸ் சொன்னாலும் நான்காவது இல்லை என்று எதை வைத்து நம்புவது? அந்தக் கம்ப்யூட்டரில்தான் மனைவி நெட் பேங்கிங் பார்க்கிறாள். முழுக்கத் துடைத்துப் புதிதாகப் போடுவது என்று முடிவெடுத்தோம்.

துடைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை பாஸ்வேர்டு. பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அல்லது அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றுகிறார்கள். பிரவுசரில் சேமித்து வைத்த எல்லாமே வெளியே போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான் செல்போனில் மாற்றினேன். முதலில் இமெயில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் சாவியும் அதற்குத்தான் வந்து சேரும். அடுத்து வங்கி. அதற்கப்புறம் மற்றவை. பாஸ்வேர்டு மாற்றியதோடு நிற்காமல், 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும். பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் குக்கீ திருடு போயிருந்தால், பாஸ்வேர்டே தெரியாமலும் உள்ளே நுழைந்துவிடலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அன்றே போட்டுவிட்டேன். பணம் ஏதும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். நல்லவேளை, எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

அடுத்தது கணக்கெடுப்பு. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டேன்: இந்தக் கம்ப்யூட்டரில் உனக்கு என்ன வேண்டும், எங்கே வைத்திருக்கிறாய்? இரண்டு மாலை ஆயிற்று. டாகுமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். மனைவியின் வாடிக்கையாளர் அளவுகள் டெஸ்க்டாப்பில் இருந்தன. மகளின் மதிப்பெண் பட்டியல் ஸ்கேன் டவுன்லோட்ஸில் கிடந்தது. வீட்டில் டேலி பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டும்: அதன் டேட்டா ஃபோல்டர் நம் டாகுமென்ட்ஸுக்குள் இருக்காது, தனியாக ஓரிடத்தில் இருக்கும். பிரவுசர் புக்மார்க், வைஃபை பாஸ்வேர்டு, பிரின்டர் மாடல் எண், நெட்வொர்க் டிரைவர் எல்லாம் நோட்டில் ஏறின. டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால், புது விண்டோஸில் நெட் வராது. நெட் வராமல் டிரைவரை இறக்கவும் முடியாது.

கோப்புகளை நகலெடுக்க அந்த விண்டோஸை மறுபடி இயக்கவில்லை. என் உடன்பிறந்த தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். பென் டிரைவில் இருக்கும் லினக்ஸ் ஓடும்போது ஹார்ட் டிஸ்கில் உள்ள வைரஸ் தூங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸைச் சரியாக மூடாமல் சுவிட்சை அணைத்திருந்ததால் டிஸ்க் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறந்தது. நகலெடுக்க அதுவே போதும். படம், பாட்டு, எழுத்து, கணக்கு, இவை மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்குக்குப் போயின. செட்டப் கோப்பு ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

பூட்டப்பட்ட கோப்புகளையும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டேன், அந்த மிரட்டல் ரீட்மீயோடு சேர்த்து. காரணம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் பல பழைய வகைகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசத் திறப்பானை வெளியிட்டது. புதிய வகைகளில், வைரஸ் தன் சர்வரோடு பேச முடியாமல்போனால் தன்னிடமே இருக்கும் பொதுச்சாவியால் பூட்டும். அப்போது ரீட்மீயில் உள்ள அடையாள எண் 'டி1' என்று முடியும். அப்படிப்பட்ட கோப்புகளுக்கு என்றாவது சாவி கிடைக்கலாம். எங்களுடையது அப்படி முடியவில்லை. இருந்தாலும் எடுத்து வைத்தேன். அது எவ்வளவு சரி என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

விண்டோஸ் போடுவது இவற்றோடு ஒப்பிட்டால் சின்ன வேலை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்கின் பகுதிகள் வரிசையாகத் தெரியும். சி, டி, பெயரில்லாத குட்டிப் பகுதிகள் என ஒவ்வொன்றாக டெலிட் செய்துகொண்டே வந்தால், கடைசியில் 'அன்அலொகேட்டட்' என்று ஒரே வரி நிற்கும். அந்த வரி வந்தால்தான் உண்மையில் துடைத்தோம் என்று அர்த்தம். எக்ஸ்டர்னல் டிஸ்கை அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். அதையும் அழித்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். புராடக்ட் கீ கேட்டால் 'என்னிடம் இல்லை' என்று கொடுத்துக் கடந்துவிடலாம். அதே கம்ப்யூட்டரில் முன்பு முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10 என்றால், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். எங்களுக்கு நாற்பது நிமிடத்தில் புதுத் திரை வந்தது.

அப்டேட் முழுக்க முடிந்தபிறகுதான் வேறெதையும் தொட்டேன். மகனுக்கும் மகளுக்கும் அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு. எதையாவது நிறுவ வேண்டும் என்றால் என் பாஸ்வேர்டு கேட்கும். ஏன் வேண்டும் என்று பேச அது ஒரு சந்தர்ப்பம். கோப்பு வால்கள் தெரியும்படி ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மாற்றினேன். அது இல்லாவிட்டால் பிடிஎஃப் வேஷம் போட்டு வரும் இஎக்ஸ்இ கண்ணில் படாது. வீடியோ எடிட்டிங்குக்கு ஷாட்கட் போட்டுக் கொடுத்தேன். இலவசம், முறையானது. போட்டி வீடியோவை மகன் அதிலேயே முடித்தான்.

அப்பாவின் ஊர்க்கதைகளுக்கு வருகிறேன். மொத்தம் ஐம்பது. நாற்பத்தொன்றை 2019இல் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்துக்குக் கொடுக்கப் பென் டிரைவில் போட்டிருந்தோம். அது அலமாரியில் இருந்தது. வைரஸ் பிடித்த அன்று அது செருகப்படாமல் இருந்ததால் பிழைத்தது. புது விண்டோஸில் அப்பாவை உட்காரவைத்து முதல் கதையைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக ஓடின, நடுநடுவே அரைப்புள்ளிகள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏம்ப்பா, இதையும் பிடிச்சிடுச்சா?" என்றார்.

வைரஸ் இல்லை. அப்பா பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர். யூனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போடுபவை. எழுத்துரு இல்லாவிட்டால் முகமூடி கழன்று, மெய்யெழுத்தின் தலைப்புள்ளி ஒவ்வொன்றும் ஓர் அரைப்புள்ளியாகத் தெரியும். அந்த எழுத்துரு விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருந்தது. மிரட்டலைக் காட்டக் கம்ப்யூட்டர் ஓடியாக வேண்டும் என்பதற்காக விண்டோஸ் ஃபோல்டரை இந்த வைரஸ் தொடுவதில்லை. அது விட்டுவைத்ததை நான்தான் அழித்தேன். நோட்டில் அத்தனையும் எழுதியவன் எழுத்துருவை எழுதவில்லை. பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த ஃபோல்டரிலிருந்து தங்கள் எழுத்துருக்களை நகலெடுத்த பிறகே ஃபார்மட்டில் கைவைக்க வேண்டும். அந்த அச்சகத்தாரே எழுத்துருவைத் தந்தார்கள். நாற்பத்தொன்றையும் யூனிகோடுக்கு மாற்றி, அப்பாவே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். மற்ற ஒன்பதும் போனதுதான். எண்பது வயதில் அவற்றில் மூன்றை மறுபடி எழுதினார்.

இப்போது வீட்டில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்குகள். மாதத்தின் முதல் ஞாயிறு நகலெடுத்ததும் கழற்றி எடுத்து வைத்துவிடுவோம். செருகியபடியே கிடக்கும் டிஸ்கையும் வைரஸ் பூட்டிவிடும். ஒன்று எங்கள் அலமாரியில், இன்னொன்று திருச்சியில் தம்பி வீட்டில். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11 எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஏறாது. அன்று கோப்புகளை மீட்டுக்கொடுத்த லினக்ஸ் மின்ட்டையே அதில் நிரந்தரமாகப் போட்டிருக்கிறோம்.

தாலாட்டு கிடைத்தது. இந்த வைரஸ் வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கத்தில் சுமார் 150 கேபியை மட்டுமே பூட்டுகிறது. சின்ன வேர்டு கோப்பு என்றால் முழுதும் போய்விடும். எம்பி3இல் மிச்சம் அப்படியே இருக்கும். வாலில் ஒட்டிய நான்கு எழுத்தை நீக்கி, கெட்டுப்போன முன்பகுதியை வெட்டிவிட்டால் மீதி பாடும். எங்கள் கோப்பில் முதல் பத்து விநாடி போயிற்று. இப்போது அம்மா இரண்டாவது அடியிலிருந்து பாடுகிறார். முதல் அடியை அப்பா சொல்ல, நான் எழுதி, அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.