கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய வேதம்: கஷ்ட காலத்தில் வீட்டில் குர்ஆன்





ஏற்காடு அடிவாரத்தில் இருக்கும் நமக்கு விளைச்சல் நஷ்டம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் கோடை மழை தவறினால் காபிச் செடி சரியாகப் பூக்காது. அந்த இழப்பு தோட்டக்காரரோடு நிற்பதில்லை. காபி பறிக்கும் கூலியாள், மலைக்கு வண்டி ஓட்டுபவர், கீழே கடை வைத்திருப்பவர் என்று எல்லோர் வீட்டுக்கும் இறங்கி வரும். கடன் ஏறிய பிறகு, கொடுத்தவர் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு ஜும்ஆவுக்கு வருவதையே நிறுத்திவிடும் சகோதரர்களும் உண்டு. "ஐந்து வேளை தொழுதேனே, எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வி மனதில் வந்துவிட்டால் ஈமான் ஆட்டம் காணத் தொடங்குகிறது.

இந்தக் கேள்விக்குக் குர்ஆன் நேராகவே பதில் சொல்கிறது. அல்பகரா அத்தியாயம் 155ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். பயம், பசி, பொருள் நஷ்டம், உயிரிழப்பு, விளைச்சல் இழப்பு ஆகியவற்றால் அல்லாஹ் நம்மைச் சோதிப்பான் என்று அதில் வருகிறது. முஃமின்களைப் பார்த்துத்தான் இது சொல்லப்படுகிறது. சோதனை வந்தாலே அல்லாஹ் கைவிட்டுவிட்டான் என்று முடிவு கட்டக்கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்த வசனத்தில் 'இன்னா லில்லாஹி' வருகிறது. நாம் அதை மவ்த் செய்திக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம். இரண்டு வசனங்களையும் சேர்த்துப் பொருளோடு படிப்பவருக்குத்தான் தெரியும், பசிக்கும் பண நஷ்டத்துக்கும் பட்டுப்போன பயிருக்கும் கூட அதே சொல்தான் மருந்து என்று. வாழ்நாள் முழுதும் ஓதியும் பொருள் தெரியாததால் அந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே வலியோடு இருக்கிறோம்.

ஒரே தடவையில் ஏன் இறங்கவில்லை?

மக்காவின் காஃபிர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்தக் குர்ஆன் மொத்தமாக ஒரே தடவையில் ஏன் இறங்கவில்லை? அல்புர்கான் அத்தியாயம் 32ஆவது வசனம் காரணத்தைச் சொல்கிறது: நபி (ஸல்) அவர்களின் உள்ளத்தை உறுதிப்படுத்துவதற்காகவே இப்படி. ஏச்சு, ஊர்விலக்கு, ஹிஜ்ரத், போர் என்று சோதனைகள் தொடர்ந்த 23 ஆண்டுகளில், தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்ட வசனம் வந்தது. நபியின் உள்ளத்துக்கே இப்படித்தான் பலம் ஊட்டப்பட்டது என்றால், ரமலானில் வேகமாக ஒரு ஹத்தம் முடித்து, மீதி பதினோரு மாதமும் குர்ஆனை அலமாரியில் வைத்துவிடும் நமக்கு உறுதி எங்கிருந்து வரும்?

நம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நேராக ஏற முடியாத மலையை வளைவு வளைவாகத்தான் ஏறுகிறோம். ஈமானும் அப்படித்தான்.

ஒரு வீட்டில் நடந்தது

ஸீரா நூல்களில் உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய வரலாறு நாம் அறிந்ததுதான். அது தொடங்கிய இடம் ஒரு வீடு. அவர்களின் சகோதரி ஃபாத்திமா (ரலி), கணவர் ஸயீத் (ரலி) இருவரும் வீட்டுக்குள் ரகசியமாகக் குர்ஆன் படித்தார்கள். கற்றுக் கொடுத்தவர் கப்பாப் (ரலி). எதிரிகளின் கொடுமையை உடம்பில் சுமந்தவர் அவர். வெளியே அடி, உள்ளே குர்ஆன். கோபத்தோடு வந்து கைநீட்டிய உமர், சகோதரியின் முகத்தில் இரத்தத்தைக் கண்டு தணிந்தார்கள். பிறகு படித்தது தாஹா அத்தியாயம். நபியே, நீங்கள் துன்பப்படுவதற்காக இந்தக் குர்ஆனை இறக்கவில்லை என்ற கருத்தோடுதான் அது ஆரம்பிக்கிறது.

2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். ரமலானில் கூட பள்ளிவாசல் கதவு மூடியிருந்தது. வீட்டில் குர்ஆன் பழக்கம் இருந்தவர்களுக்கு அந்த மாதம் வெறுமையாகப் போகவில்லை.

இன்றே தொடங்க

சுப்ஹுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று வசனம் போதும். முதலில் அரபியில் ஓதுங்கள், பிறகு தமிழ் மொழிபெயர்ப்பைப் படியுங்கள். "இது இன்று எனக்கு என்ன சொல்கிறது?" என்று மனைவி மக்களோடு பேசுங்கள். விளங்காததை நோட்டில் எழுதி ஹஜ்ரத்திடம் கேளுங்கள்; நீங்களாகச் சட்டம் எடுக்காதீர்கள். நாளுக்கு மூன்று வசனம் என்றால் ஆறு வருடத்துக்குள் குர்ஆன் முழுவதும் பொருளோடு முடிந்துவிடும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்பது புகாரி, முஸ்லிமில் வரும் நபிமொழியின் கருத்து.

தமிழில் பொருள் கிடைக்கவில்லை என்று சொல்லவும் நமக்கு வழியில்லை. நம் முன்னோர் வீடுகளில் பெண்கள் அரபுத் தமிழில் மார்க்கம் படித்தார்கள். மௌலானா அப்துல் ஹமீது பாகவி போன்ற ஆலிம்கள் பல ஆண்டுகள் உழைத்துக் குர்ஆனின் பொருளைத் தமிழில் தந்துவிட்டுப் போனார்கள்.

கஷ்டம் வந்த பிறகு தேடலாம் என்று இருக்காதீர்கள். கஷ்டத்தில் இருப்பவரே, தாமதமாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். இன்று மஃரிபுக்குப் பின் அந்த 155, 156 இரண்டு வசனங்களிலிருந்தே தொடங்குங்கள். ஜும்ஆவுக்கு வராமல் இருக்கும் சகோதரர் யாரையாவது தெரிந்தால், அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளைக் குர்ஆன் ஓதப்படும் வீடுகளாக்குவாயாக. நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு தருவாயாக. கடன்பட்டவர்களின் சுமையை இறக்குவாயாக. எங்கள் உள்ளங்களை உன் வேதத்தால் உறுதிப்படுத்துவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.