ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸ் ஆயிலை நீங்களே மாற்றலாமா?

உங்கள் வண்டி எந்த ரகம்?

கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒரே ரகமல்ல. ஏஎம்டி வண்டிக்குள் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். சிவிடிக்கும் டிசிடிக்கும் தனித்தனி ஆயில். இங்கே சொல்வது டார்க் கன்வெர்ட்டரும் டிப்ஸ்டிக்கும் உள்ள வண்டிக்கு மட்டுமே. டிப்ஸ்டிக் இல்லையென்றால் ஆயிலின் சூட்டை அளந்துதான் அளவைச் சரிபார்க்க முடியும். அதை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

வண்டியின் கையேட்டில் ஆயில் டெக்ஸ்ரான் 6 என்றிருந்தால் அதுதான். டொயோட்டா டபிள்யூஎஸ் என்றால் அதுதான். "எல்லாம் செவப்பு ஆயில்தானே சார்" என்பார் கடைக்காரர். கேட்காதீர்கள். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர், நீண்ட புனல், அளவுக்கோடு போட்ட பாத்திரம், கையுறை போதும்.

வண்டியைத் தூக்குதல்

டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நம்பி வண்டிக்கடியில் தலையை நுழைக்காதீர்கள். சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, கையேடு காட்டும் இடங்களில் ஜாக் ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போகலாம்.

வடித்தல்

ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதித்தால் கை வெந்துவிடும். கியர்பாக்ஸ் போல்ட் என்று நினைத்து என்ஜின் ஆயிலை வடித்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு. நானும் விழித்திருக்கிறேன். கையேட்டில் படம் பார்த்து உறுதி செய்யுங்கள்.

போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல்நிறப் பசைபோல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லுகளோ ஆயிலில் கருகிய வாடையோ இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வடிந்ததை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கியது வராது. ஒரே தடவையில் முழு ஆயிலும் மாறாது.

ஊற்றுதலும் அளவும்

வேலையே இங்கேதான். புது வாஷர் போட்டு போல்ட்டை இறுக்கி, வடிந்த அளவை மட்டும் டிப்ஸ்டிக் குழாயில் ஊற்றுங்கள். வண்டியை இறக்கி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்தியபடி ஆர், என், டி என ஒவ்வொன்றிலும் சில நொடிகள் வைத்து, பி-க்குத் திரும்புங்கள். ஆயில் சூடேறியபின் அளவு பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் அணைத்த கையோடு. குறைந்தால் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றலாம். கூடினால் ஆயில் நுரைத்து கியர் வழுக்கும். உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.