டிஎன்ஆர்: போன் ஆர்டரை நம்பாதீர்கள்

தென்காசி, குற்றாலம், வடகரைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஐசியூ வேலை தேடும் ஸ்டாஃப் நர்ஸ்கள், டியூட்டி டாக்டர்கள் எல்லோரும் வென்டிலேட்டர் செட்டிங்கை மனப்பாடம் செய்துகொண்டு இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். டிஎன்ஆர் பற்றிக் கேட்டால் திணறுகிறார்கள். நீங்கள் முந்த வேண்டிய இடம் அதுதான்.

1. இதயம் நின்றால் சிபிஆர் கிடையாது; டிஎன்ஆர் என்றால் அவ்வளவுதான். ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், வலி மருந்து தொடரும். ஐசிஎம்ஆரின் 2020 வழிகாட்டுதல் சொல்வதும் இதையே. ஓடுகிற வென்டிலேட்டரை எடுப்பது வேறு விஷயம். உச்ச நீதிமன்றம் 2018-ல் வகுத்து, 2023 ஜனவரியில் எளிதாக்கிய நடைமுறைப்படி இரண்டு மெடிக்கல் போர்டுகள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2. நைட் ஷிஃப்டில் சீனியர் போனில் சொல்வார்: "அஞ்சாம் பெட் டிஎன்ஆர்மா, ஒண்ணும் பண்ணாதே." பணிவாகவே பதில் சொல்லுங்கள்: "கேஸ் ஷீட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். அதுவரைக்கும் அரெஸ்ட் ஆனா சிபிஆர் ஆரம்பிச்சிடுவேன்." முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நாளைக்குப் புகார் வந்தால் போனில் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. ஷீட்டில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். சொந்தக்காரர்கள் பார்க்கிறார்களே என்று ஒப்புக்கு நெஞ்சை அமுக்கும் 'ஸ்லோ கோட்' வேலையும் வேண்டாம். செய்தால் நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு, 5 செ.மீ. ஆழம். எழுத்தில் ஆர்டர் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

3. சம்பளத்தை உயர்த்துவது பேஷன்டின் குடும்பத்தோடு பேசும் திறமை. பக்கத்தில் இருக்கிற மகள், "போதும் சிஸ்டர், கஷ்டப்படுத்தாதீங்க" என்பார். துபாயிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில், "எவ்வளவு செலவானாலும் பாருங்க" என்பார். யார் பக்கமும் சாயாதீர்கள். பேஷன்ட் நினைவோடு இருந்தால் முதலில் அவரிடம் டாக்டர் பேச வேண்டும். இல்லையென்றால் எல்லோரையும் ஒரே போன் காலில் இணைத்து, டாக்டரைப் பேச வையுங்கள். யாரிடம் என்ன சொன்னது, எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள்.

"மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோயிடுறோம்" என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பும் குடும்பங்களில் பலருக்கு, வென்டிலேட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதையே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. அதே பெட்டில், வலி இல்லாமல், சிபிஆர் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். இதைப் பதறாமல் விளக்கத் தெரிந்தவரை எந்த நிர்வாகமும் லேசில் விடாது.

4. பிரிட்டன் போகும் எண்ணமா? அங்கே இதன் பெயர் டிஎன்ஏசிபிஆர். பேஷன்டிடம் கலந்து பேசாமல் அதைப் போடுவது பொதுவாகத் தவறு என்று 2014-லேயே நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

5. ஆஃபரை ஏற்பதற்கு முன் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "டிஎன்ஆருக்கு இங்கே ஃபார்ம் இருக்கா, யார் கையெழுத்துப் போடுவாங்க?" ஹெச்ஆர் விழித்தால், அந்த ஆஸ்பத்திரியில் ரிஸ்க் முழுக்க உங்கள் தலையில். சம்பளத்தை அதற்கேற்பப் பேசுங்கள்.