பழம்படமும் புதுச்சட்டமும்

கோவில்பட்டியிலே வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள், சிவகாசியில் அச்சாகித் தென்னாட்டு இல்லங்கள் பலவற்றை அலங்கரித்தன. அவற்றிற்கு முன்னரே, 1894-ஆம் ஆண்டு பம்பாயில் நிறுவப்பெற்ற ரவிவர்மா அச்சகத்தின் வண்ணப்படங்கள் நாடெங்கும் பரவியிருந்தன. அவற்றின் பழம்பிரதிகள் இன்று அரும்பொருள்களாம்.

இத்தகைய படத்தை உடையவர் ஒருவர் சட்டம் போடுங் கடைக்குச் சென்று, "புதுச் சட்டத்திற்கு ஏற்ப ஓரத்தை நறுக்கிவிடுக" என்று பணித்தல் எளிது. ஆயின், ஓவியர் கையொப்பமும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் அடியோரத்திலன்றோ உள்ளன! அவை போயின், படம் எவருடையது என்பதற்குரிய சான்றும் உடன் போகும்.

ஆதலின், உடையவர் விருப்பம் சட்டத்தில் நிறைவேறுக. படத்தின்மேல் கத்தி படலாகாது. மரமும் நிறமும் அகலமும் அவர் உளப்படி அமையலாம். படத்தைச் சுற்றி அட்டைவிளிம்பு இட்டால், சிறிய படமும் பெரிய சட்டத்திற்குப் பொருந்தும். கண்ணாடி படத்தைத் தொடாமையால், ஈரத்தால் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமும் இல்லை. செப்பனிடாத மரக்கூழ் அட்டையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். பருத்தி நாரட்டையே நன்று. நம் கரிசல் நிலத்தின் விளைபொருள் ஓவியத்திற்கும் காப்பாதல் காண்க. படம் முழுவதையும் ஒட்டாது, மேலோரத்தில் மட்டும் மெல்லிய தாட்கீற்றுகளை மாப்பசையால் இணைத்துத் தொங்கவிடுக. அப்பசையைப் பின்னர் நீரால் நெகிழ்த்து நீக்கலாம்.

சட்டத்தை எத்தனை முறையும் மாற்றலாம். நறுக்கிய ஓரத்தை மீட்டல் இயலாது. விடுமுறையில் இல்லஞ் செல்லும் மாணவர், தம் வீட்டுப் பழம்படங்களின் அடியோரத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.