பிடித்த பிறகு கையை எடு

கிருஷ்ணன்கோவில்,
ஆடி 3.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ரோல் காலுக்கு ஓடிக்கொண்டே "சரி மாமா, சரி மாமா" என்பாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். எழுதினால் ராத்திரி டூட்டி முடிந்து ஆற அமர ஒரு தரமாவது படிப்பாய்.

போன தடவை லீவில் வந்தபோது நாம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்றோமே, காலேஜ் விடும் நேரம். கடைப்பையன் செல்போனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான். அதில் போலீஸ் பிடித்த ஒரு வாலிபன், இரண்டு கையிலும் மாவுக்கட்டு. கேமராவைப் பார்த்துக் கும்பிடப் பார்க்கிறான், கட்டு ஒன்றோடொன்று இடிக்கிறது, கை சேரவில்லை. பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. "பாத்ரூம்ல வழுக்கிட்டான் போல" என்று ஒரு பையன் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தோளில் ஸ்டார் ஏறி மூன்று மாதம்கூட ஆகவில்லை உனக்கு. அதற்கு மேல் எனக்கு டீ இறங்கவில்லை. அங்கே வைத்து ஒன்றும் சொல்லாதது என் தப்பு. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த வழுக்கும் பாத்ரூமைப் பற்றி 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது: ஸ்டேஷன் கழிவறை பிடிபட்டவர்களுக்கு மட்டும் ஏன் வழுக்குகிறது, போலீஸ்காரர்களுக்கு ஏன் வழுக்குவதில்லை என்று. முப்பது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டவன் நான். அதைப் பேப்பரில் படித்தபோது யார் முகத்திலும் முழிக்கக் கூச்சமாக இருந்தது.

என் கதை ஒன்று சொல்கிறேன். உன் அத்தைக்கே முழுசாகத் தெரியாது. சர்வீஸில் சேர்ந்து மூன்றாம் வருஷம், வேறு மாவட்டத்தில் கிரேடு டூ கான்ஸ்டபிளாக இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அடிக்கடி சைக்கிள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் ஒருத்தர் புது சைக்கிளின் பூட்டைக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்தார். யாரோ "திருடன்" என்று கத்த, அவர் மிரண்டு ஓட, நான் விரட்டிப் போனேன். மார்க்கெட் வாசலில் அவருக்கு மூச்சு வாங்கியது. தானாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கத்தி எடுக்கிறார் என்று நினைத்து லத்தியை இறக்கினேன், மணிக்கட்டில் பட்டது. அதுவரைக்கும் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு முழங்காலில் இரண்டு அடி அடித்தேனே, அதற்குப் பயம் காரணமில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. விசில் வந்தது. ஒரு கடைக்காரர் எனக்குக் கலர் உடைத்துக் கொடுத்தார்.

ஸ்டேஷனில் ரைட்டர் ஏட்டையா அந்தப் பையிலிருந்து எடுத்தது நாலாக மடித்த ஒரு சைக்கிள் கடை பில். வேர்வையில் ஊறி ஓரம் கிழிந்திருந்தது. பில்லில் இருந்த நம்பரையும் சைக்கிளில் அடித்திருந்த நம்பரையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒத்துப் பார்த்தார். ஒன்றுதான். சாவியைத் தொலைத்துவிட்டுத் தன் சைக்கிள் பூட்டைத் தானே உடைத்திருக்கிறார் மனுஷன். அந்த பில்லைக் காட்டத்தான் கையை விட்டிருக்கிறார். "போய்யா" என்று அனுப்பிவிட்டார்கள். மணிக்கட்டு வீங்கிப்போய் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாமல், ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. வந்திருந்தால் நல்லது. அன்றைக்கே கை அடங்கியிருக்கும்.

அவர் உட்கார்ந்ததற்கும் என் இரண்டாவது அடிக்கும் நடுவே நாலு விநாடி இருந்திருக்கும். நம் வேலையின் நல்லது கெட்டது எல்லாம் அந்த நாலு விநாடியில் இருக்கிறது. உனக்கு நான் சொல்ல வந்ததும் அது ஒன்றுதான்: பிடிப்பதற்குப் பலம் வேண்டும், பிடித்தாயிற்று என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஊனமாஞ்சேரி அகாடமியில் உனக்குப் பாடமாகவே நடத்தியிருப்பார்கள். நாங்கள் படித்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், சி.ஆர்.பி.சி. 46-ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 43. சொல்லுக்குக் கட்டுப்பட்டு வருகிறவனைத் தொடவே வேண்டியதில்லை. எதிர்த்துத் திமிறினால் தேவையான வழியைக் கையாளலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் இல்லை என்றால், பிடிக்கும் சாக்கில் உயிரைப் போக்க உரிமை கிடையாது. பழைய 49 இப்போது 46: தப்பிக்காமல் இருக்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமோ அவ்வளவுதான், அதற்கு மேல் கூடாது. தண்டனை என்ற பேச்சே இந்தப் பிரிவுகளில் இல்லை. 'பாடம் கற்பிக்க' என்று எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார், இருக்காது. தண்டனையை முடிவு செய்ய, இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதுபோல், உன் மாவட்டத்திலும் நீதிமன்றம் இருக்கிறது. அந்த வாசல்வரை ஆளை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு நம் வேலை முடிந்தது.

இந்தக் கெட்ட பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. 1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதைப் புகார்களை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். வரி பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஜனங்களைப் படுத்திய பாடெல்லாம் அதன் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டியைத் தமிழ்ப் பெயரோடே எழுதி வைத்திருக்கிறார்கள். வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆள் கையில் இருந்ததைப் பிரித்துத் தனிப் போலீஸ் படை அமைக்க 1859-இல் சட்டம் வந்ததற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். யோசித்துப் பார் மருமகனே. அடித்து வாங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சிலிருந்து பிறந்த இலாகா நம்முடையது.

சாத்தான்குளம் உனக்குத் தெரியும். அப்போது நீ காலேஜில் இருந்தாய். 2020 ஜூன் 19, ஊரடங்கு. செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜெயராஜைக் கூட்டிப்போனார்கள். அப்பாவைத் தேடி மகன் பென்னிக்ஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நாலு நாளுக்குள் இரண்டு பேரும் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்கள். தரையில் விழுந்து உருண்டதால் உள்காயம் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்தது. கடைப் பக்கம் இருந்த சி.சி.டி.வி. பதிவில் யாரும் உருளவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறை பொறுப்பில் எடுக்கச் சொன்னது. கைதான பத்துப் போலீசாரில் ஒருவர் கொரோனாவில் போனார், ஒன்பது பேர் மேல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கடை சாத்த நேரமானதற்கு அபராதச் சீட்டுக் கிழித்துக் கொடுத்திருந்தால் எல்லாரும் அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்த ஸ்டேஷனில் அன்று ராத்திரி ஏட்டு ரேவதி என்று ஒரு பெண் டூட்டியில் இருந்தார். விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்ததையும் விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட்டிடம் அவர்தான் சொன்னார். வெளியே சக போலீசார் நிற்க, உள்ளே பயந்து பயந்து சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நம் உடுப்பின் மானத்தைக் காப்பாற்றியவர் அவர் என்று நான் நினைக்கிறேன்.

அதே வருஷம் மே 25. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நடுத்தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முட்டியை வைத்து அழுத்திக் கொன்றார். உலகமே பார்த்தது. நீ கவனிக்க வேண்டியவர் வேறு ஒருவர். காலைப் பிடித்துக்கொண்டிருந்த தாமஸ் லேன் என்ற புதுப் போலீஸ்காரர், வேலைக்கு வந்து நாலாவது நாள். ஆளைப் பக்கவாட்டில் புரட்டிவிடலாமா என்று சீனியரிடம் கேட்டார். வேண்டாம் என்றார் சீனியர். லேன் இன்னொரு தரமும் கேட்டார். கேட்டாரே ஒழிய, பிடித்த காலை விடவில்லை. அவருக்கும் சிறைத் தண்டனைதான் கிடைத்தது. கோர்ட்டுக்கு அவர் கேட்டது மட்டும் போதவில்லை. உனக்கும் இப்படி ஒரு நாள் வரும். மேலதிகாரி "ரெண்டு போடுய்யா" என்பார். "சார், அக்யூஸ்ட் கையில இருக்கான், மெடிக்கலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஆளை எழுப்பி நடக்க வை. வாக்குவாதம் பண்ணாதே, பதிலுக்கு நிற்காதே, ஜீப்பைப் பார்த்து நட. அதற்காக டிரான்ஸ்ஃபர் வந்தால் வரட்டும். டிரங்குப் பெட்டியைக் கட்ட நான் வருகிறேன்.

மூச்சு விஷயம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை வைத்தால் நெஞ்சு விரியாது. மூச்சு முட்டுகிறவன் துள்ளுவான். திமிறுகிறான் என்று நினைத்து நாம் இன்னும் அழுத்துவோம். அப்புறம் அடங்கிவிடுவான். வழிக்கு வந்துவிட்டான் என்று நினைப்போம், அவன் போயிருப்பான். விலங்கு மாட்டியதும் ஒருக்களித்துப் புரட்டு, உட்கார வை, தண்ணீர் கொடு, பெயரைக் கேட்டுப் பேச்சுக் கொடு. குடித்தவன், பருத்த உடம்பு, வெகுதூரம் ஓடி வந்தவன், இவர்களிடம் இரண்டு மடங்கு கவனம்.

பயப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். 2020 ஜனவரியில் களியக்காவிளை செக்போஸ்டில் எஸ்.எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் திருச்சிப் பக்கம் ஆடு திருடிக்கொண்டு போனவர்களைத் தனியாளாக விரட்டிப் போன எஸ்.எஸ்.ஐ. பூமிநாதனை வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்தி வந்த அன்று உன் அத்தை ரிட்டயர் ஆன என்னையே வாசலுக்கு விடவில்லை. நம் உயிரும் உயிர்தான். அதனால் தனியாகத் துரத்தாதே, மைக்கில் சொல், ஆள் வரும்வரை தூரத்தில் நில். கத்தி எடுத்து வருகிறவனை மடக்கும் வேகத்தில் எலும்பு முறிந்தால் அதை அப்படியே ஸ்டேஷன் ஜெனரல் டைரியில் எழுது, நான் தப்பென்று சொல்ல மாட்டேன். பயத்தில் விழுந்த அடிக்கும், பயம் தீர்ந்த பிறகு விழுந்த அடிக்கும் வித்தியாசம் உன் கைக்கே தெரியும். என் கைக்குத் தெரிந்தது.

ஊர்ப் பேச்சை நம்பியும் லத்தியைத் தூக்காதே. "நாலு தட்டுத் தட்டினாத்தான் திருந்துவானுங்க" என்று சொல்கிற இதே டீக்கடைதான் 2025 ஜூன் கடைசியில் கொதித்தது. மடப்புரம் காளி கோயில் காவலாளி அஜித்குமார். காரில் இருந்த நகை காணோம் என்று ஒரு வாய்ப்புகார், எஃப்.ஐ.ஆர். இல்லை, ஸ்பெஷல் டீம் வந்து அடித்தது. பிரேதப் பரிசோதனையில் 44 காயம். கோயில் ஊழியர் ஒருவர் கழிவறை சன்னல் வழியாக எடுத்த வீடியோ மட்டும் வராமல் இருந்தால் அதுவும் 'வலிப்பு' என்று முடிந்திருக்கும். 2022 ஏப்ரலில் சென்னையில் வாகனச் சோதனையில் பிடிபட்டு இறந்துபோன விக்னேஷுக்கும் முதலில் வலிப்பு என்றுதான் சொன்னார்கள். உடம்பில் 13 காயம் இருந்தது. மாவுக்கட்டைப் பார்த்துச் சிரித்த வாய்க்கு, அந்தக் கட்டுக்குள் இருப்பவன் அஜித்குமாராக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. தோன்ற வேண்டியவன் நீ.

வீடியோ எடுக்கிறவன் போனைப் பிடுங்காதே. நீ ஒழுங்காகப் பிடித்தாய் என்பதற்கும் அதுதான் சாட்சி. பெயர்ப் பட்டையைக் கழற்றாதே. யாரைப் பிடித்தாலும் எதற்கு என்று அங்கேயே சொல், வீட்டுக்குச் சொல்லிவிடு, கைது மெமோவில் சாட்சிக் கையெழுத்து வாங்கு. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதினோரு கட்டளைகள், ஸ்டேஷன் சுவரில் போர்டாகத் தொங்குமே, அதன் மேல் தூசி படிய விடாதே. டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் சர்டிபிகேட் எழுதினால் "சட்டையைக் கழற்றிப் பாருங்க டாக்டர்" என்று நீயே சொல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வெளி மாவட்டத்திலிருந்தும் ஆள் கேட்பார்கள், பந்தோபஸ்து உனக்கு விழுந்தாலும் விழும். தேர்க் கூட்டத்தில் பிக்பாக்கெட் அடித்தவனை நம்மை முந்திக்கொண்டு ஜனங்கள் பிடித்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, அவன் தலைக்கு மேல் உன் கையை வைத்து மறைத்துக்கொண்டு வெளியே கொண்டு வா. இரண்டு அடி உன் முதுகிலும் விழும், வாங்கிக்கொள்.

இதோடு ஒரு பாக்கெட் டைரியும் ஒரு கிலோ பால்கோவாவும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். டைரியில் பக்கத்துக்கு நாலு கோடு நானே போட்டு வைத்தேன்: பிடித்த நேரம், பிடித்த இடம், வீட்டுக்குச் சொன்ன நேரம், பிடிக்கும்போது உடம்பில் இருந்த காயம். பால்கோவா நேற்றுக் கிண்டியது, மூன்று நாளைக்கு மேல் வைக்காதே. ஸ்டேஷனில் எல்லாருக்கும் கொடு, பாரா நிற்கிறவரை மறந்துவிடாதே. லாக்கப்பில் யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு வாய்.

அன்புடன்,
மாமா