நாரங்கல ஏற என்ன கத்தி?

கூடாரத்தைக் கட்டிக்கொண்டு நாரங்கல மலை ஏறப் புறப்படும் பொடியன்கள் என்னிடம் முதலில் கேட்பது கத்தியைப் பற்றித்தான். போனைத் திறந்து ஒரு படத்தையும் காட்டுவார்கள். முதுகில் வாள்பல், பிடி நுனியில் திசைகாட்டி, அலகு முழுக்கக் கறுப்புப் பூச்சு. ராம்போவின் முதல் படம் வந்தது 1982இல். அதில் அவன் வைத்திருந்த கத்தியின் நகல்கள் இன்னும் நடைபாதைக் கடைகளில் தொங்குகின்றன. அதை வாங்காமல் விட ஒரு காரணமே போதும்: பிடி வெறும் குழாய். அலகின் இரும்பு அதற்குள் இரண்டு விரல் அளவுகூட இறங்குவதில்லை. டர்பன்டைன் கட்டையில் ஓங்கிப் போட்டால் பிடி கையில் நிற்கும், அலகு பக்கத்தில் நிற்பவரைத் தேடிப் போகும்.

கத்தி வாங்குமுன் அதற்கு நம் பக்கத்தில் என்ன வேலை என்று பாருங்கள். நாரங்கல 1500 மீற்றருக்கு மேல். உச்சியில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மானாப்புல்லும் காற்றும்தான். கூடாரத்துக்கு முளை சீவ வேண்டும், கயிறு அறுக்க வேண்டும், கீழே கேட்டு வாங்கி வந்த சவுக்கு விறகைச் சிலாம்பாகப் பிளக்க வேண்டும், வெங்காயம் நறுக்க வேண்டும். வழியில் நாயுண்ணிப் பற்றை மறித்தால் ஒதுக்க வேண்டும். கடைசி வேலைக்கு மட்டும்தான் நீளமான கத்தி தேவை. அது ஏற்கெனவே ஒவ்வொரு லயத்து வீட்டிலும் மன்னாக்கத்தியாக இருக்கிறது. ஆகவே காசு கொடுத்து வாங்க வேண்டியது சின்னக் கத்தி ஒன்று, மடக்காதது.

கூர் என்றால் என்ன என்பதை நான் கற்றது தேயிலைக் கவ்வாத்து மலையில். என் மாமா கவ்வாத்துக்காரர். கவ்வாத்துக் கத்தி வளைந்தது. வாதில் வைத்து ஒரே இழுவையில் வெட்டினால் சாய்வாக, வழவழவென்று வெட்டுவாய் விழ வேண்டும். மொட்டைக் கத்தி பட்டையைக் கிழித்துவிடும், கிழிந்த இடத்தில் வாது காய்ந்து இறங்கும். அதனால் மாமாவின் இடுப்புச் சாக்கு மடிப்பில் எப்போதும் தீட்டுக்கல் இருக்கும். ஒரு நிரை முடிந்ததும் எச்சிலைத் தொட்டு நாலு இழுப்பு. கத்தி நல்லதா என்று அவர் அலகின் பளபளப்பைப் பார்த்துச் சொன்னதில்லை. வெட்டின வாதைத்தான் பார்ப்பார். அந்தக் கத்தியைக் கூடாரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. வளைந்த கூரால் முளை சீவ முடியாது.

மலிவாகவும் நம்பிக்கையாகவும் வேண்டுமென்றால் என் முதல் தெரிவு கம்மாலைதான். லொறி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கச் சொல்லுங்கள். அதில் கார்பன் ஏறக்குறைய 0.6 வீதம், கூர் பிடிக்கவும் போதும், அடி தாங்கவும் போதும். கட்டிடக் கம்பியிலோ ஏதோ தகட்டிலோ அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். எவ்வளவு துவைச்சல் போட்டாலும் அது கெட்டியாகாது.

அளவை நீங்களேதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கம்மாலை பாஸ் பழக்கத்தில் தேங்காய் உடைக்கிற கத்தி அடித்துவிடுவார். அலகு நீளம் உங்கள் உள்ளங்கை அகலம், அதாவது நாலு அங்குலம். கனடாவில் காட்டுக் கலை கற்பித்த மோர்ஸ் கொச்சான்ஸ்கி சொன்ன கணக்கும் அதுதான். முதுகுத் தடிப்பு 3 மில்லிமீற்றர் போதும். நான் இதைச் சொன்னபோது பாஸ் சிரித்துவிட்டார். “தம்பி, இது கத்தியா, நகவெட்டியா?” ஸ்பிரிங் பட்டை தடிப்பானது, அதை 3 மில்லிமீற்றருக்கு இறக்குவது கூடுதல் அடி, கூடுதல் கரி. அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தடித்த கத்தி விறகைப் பிளக்கும், ஆனால் தக்காளியை நசுக்கும், கொய்யாக் குச்சியில் இறங்காமல் வழுக்கும். வழுக்குகிற கத்திதான் கையை வெட்டும்.

சூடாக்கிய அலகைத் தண்ணீரில் விடாமல் எண்ணெயில் விடச் சொல்லுங்கள். ஸ்பிரிங் இரும்பு தண்ணீரில் வெடிப்பு விடக்கூடியது. பழைய என்ஜின் ஒயில் போதும். பிறகு இளஞ்சூட்டில் பதம் இறக்கும்போது கூர்ப்பக்கம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். நீலம் ஏறிவிட்டால் அது ஸ்பிரிங்குக்குச் சரி, கத்திக்கு மெது. இதை ஞாபகம் வைத்திருந்தால் கடைக் கத்தியிலும் உதவும். சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்த கத்தியின் கூரோரத்தில் நீலத் திட்டுகள் இருந்தால், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த மண்ணில் இரும்பு வேலை புதிதல்ல. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கத்துக்காக நடந்த தொல்லியல் ஆய்வில், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் வரிசையாகப் பழைய உலைகள் கிடைத்தன. துருத்தி இல்லாமல் தென்மேற்குப் பருவக்காற்றாலேயே எரிந்தவை அவை. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அதே மாதிரி உலை கட்டி எரித்துப் பார்த்து, கார்பன் கூடிய இரும்பு எடுத்து, 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்தப் பருவக்காற்றுதான் மலை தாண்டி, காய்ந்து, நமக்குக் கச்சானாக வருகிறது. ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுப்பதும் அதுவே.

கத்தி கைக்கு வந்ததும் சோதிக்க ஓர் அரமும் ஓர் ஆணியும் போதும். கூரோரத்தில் அரத்தை மெதுவாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது மிகக் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். வெண்ணெயாக இறங்கினால் திருப்பிக் கொடுங்கள். பிறகு ஆணியைப் பலகையில் கிடத்தி, கத்தியைத் தீட்டும் சாய்வில் வைத்து அதன்மேல் அழுத்துங்கள். கூர் நூலளவு வளைவது வெளிச்சத்தில் தெரியும். எடுத்ததும் நேராகிவிட்டால் பதம் சரி. வளைந்தே நின்றால் மெது, உதிர்ந்தால் கடினம் கூடிப்போச்சு. கடைசியாகப் பிடி. பிடிக்குள் இறங்கும் அலகின் வால் பிடியின் கடைசிவரை போய் மறுபக்கம் அடித்து மடக்கியிருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் பலகை வைத்து ஆணியறைந்திருக்க வேண்டும். கட்டை வாலை அரக்கில் செருகிப் பூண் போட்டது சமையலறைக்குப் போதும்.

கம்மாலை வேண்டாம், கடைக் கத்திதான் வேண்டும் என்பவர்களுக்கு மோரா. ஸ்வீடனின் மோரா ஊரில் 1891இல் தொடங்கிய தொழிலின் வழி வருவது. கம்பானியன் என்ற வகையில் அலகு பத்துச் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, தடிப்பு 2.5 மில்லிமீற்றர். இதிலும் வால் கடைசிவரை போவதில்லை. ஆனால் பிடி அதன்மேலேயே வார்த்தது, அதனால் சாதாரண வேலைக்கு அசையாது. வெளிநாட்டுக்காரர்கள் இதை மலிவு என்பார்கள். 20 டொலர் என்றே வைத்தாலும், 2024இல் 1350 ரூபாயான தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தில் அது நாலு நாளுக்கு மேல். வரி, தபால் செலவு வேறு. ஐப்பசி முதல் தை வரை மழைக்குள் அலைகிறவர்களுக்கு அதன் ஸ்டெயின்லெஸ் வகை நல்லது. மற்றவர்களுக்கு அந்தக் காசு கம்மாலையில் இன்னும் தூரம் போகும்.

ஸ்பிரிங் இரும்பு துருப்பிடிக்கும். அதற்கு நம்மிடம் சாயம் இருக்கிறது. எண்ணெய்ப்பசை போக அலகைக் கழுவி, தேயிலைத் தூளை மையாகக் காய்ச்சிய சாயத்தில் இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் அலகு கருநீலமாக இருக்கும். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து படிகிற படலம் அது. துருவை முழுசாக நிறுத்தாது, தாமதமாக்கும். மேலே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். தோல் உறைக்குள் வைத்தே வீட்டில் போட்டுவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உறைக்கு ஒரு துண்டு எஸ்லோன் பைப் போதும். கொதிநீரில் இளக்கி, மட்டையில் சுற்றிய அலகை உள்ளே வைத்துப் பலகையால் அமுக்கினால் தட்டையாகிவிடும்.

கச்சான் காலத்தில் கத்தி கொண்டுபோனாலும் தீப்பெட்டியை வெளியே எடுக்க வேண்டாம். மானாப்புல்லில் பிடித்த தீயை மனிதன் ஓடி முந்த முடியாது. பாதுகாக்கப்பட்ட காட்டில் பச்சைக் கிளை வெட்டுவது குற்றம், முளையை வீட்டிலேயே சீவிக்கொண்டு போங்கள். ஹாலிஎல பஸாரிலும் பஸ்ஸிலும் கத்தியை இடுப்பில் தொங்கவிடாதீர்கள். துணியில் சுற்றி, சட்டிபானையோடு பையின் அடியில் இருக்கட்டும். பொலிஸார் பையைத் திறக்கச் சொன்னாலும், கூடாரத்துக்கும் சட்டிக்கும் நடுவில் கிடக்கிற நாலு அங்குலக் கத்திக்குக் காரணம் சொல்வது சுலபம்.