தாமதம் எங்கே?

ஓரிடத்துக் கணிப்பொறியிலுள்ள கோப்புகளை வேறோர் இடத்துக் கணிப்பொறியிலும் அப்படியே வைத்திருப்பதை ஒத்திசைவு என்பர். இவ்வாறு கோப்புகளைக் காத்துப் பலருக்கும் வழங்கும் கணிப்பொறியே சர்வர். மருத்துவமனை, வங்கி, அலுவலகம் எங்கும் இவ்வேலை நடைபெறுகிறது. ஒரு சர்வர் பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் நகல் பின்தங்கியிருந்தால், அவசர வேளையில் நமக்குக் கிடைப்பது நேற்றைய கணக்கே!

ஒத்திசைவு மெதுவாக நடந்தால், "இணைப்பு போதவில்லை, பெரியதாக வாங்குவோம்" என்று சொல்லிவிடுவது எளிது. முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அனுப்பவேண்டியவை 20,000 சிறு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் "கிடைத்தது" என்ற பதில் வந்த பின்னரே அடுத்தது புறப்படும். பதில் வர 30 மில்லி வினாடி ஆகிறது எனக் கொள்வோம். மொத்தம் 600 வினாடி. அதாவது 10 நிமிடம் வெறும் காத்திருப்பு! ஒவ்வொரு குடமாகத் தண்ணீர் சுமப்பவளுக்குத் தெருவை அகலமாக்கித் தந்தால் நடை குறையுமா?

ஆகவே ஒரு சோதனை செய்யவேண்டும். அதே அளவுள்ள ஒரே பெரிய கோப்பை அனுப்பிப் பார்ப்போம். அது விரைவாகச் சென்றால், குற்றம் காத்திருப்பில் இருக்கலாம். சிறு கோப்புகளைக் கட்டாக்கி அனுப்பினால் தீரும். அதுவும் ஊர்ந்து சென்றால், இணைப்பையும் இருபுறத்து வட்டுகளையும் ஆராயவேண்டும்.

கோப்புகளே பெரியவையானால் என்ன செய்வது? 1996-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்னும் இருவர் 'ஆர்சிங்க்' என்ற நிரலை வெளியிட்டனர். பழைய நகலைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு அடையாள எண்ணை அது கணக்கிடுகிறது. எண்களை ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது.

காத்திருப்பின் தீமைக்கு நம் மதுரையை அடுத்த தேனிப் பகுதியிலேயே சான்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் தேனிக் கிளையைக் கிராமக் கண் பரிசோதனை மையங்களுடன் வைஃபை மூலம் இணைத்தது. அங்கே சென்றவை கோப்புகளல்ல, நோயாளியின் உருவமும் குரலும். ஆயினும் கோளாறு இதே இனத்தது. வைஃபை, கட்டடத்துக்குள் பயன்படப் பிறந்தது. 15 கிலோமீட்டர் தொலைவுக்கு வானொலி அலை சென்று திரும்ப 100 மைக்ரோ வினாடி ஆகும். அதற்குள் பொறுமையிழந்த கருவி, பதில் வரவில்லையென்று அதே செய்தியை மறுபடி அனுப்பும்!

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதற்கு மாற்று கண்டனர். இரு முனைகளும் முறைவைத்துப் பேசவும், பல செய்திகளுக்குச் சேர்த்து ஒரே பதில் தரவும் விதி செய்தனர். வைஃபை கருவியை மாற்றாமலே வேகம் 2 முதல் 5 மடங்கு உயர்ந்ததென 2007-இல் அறிவித்தனர்.

இணைப்பு சரியாக இருந்தால், கிராமத்து மூதாட்டி ஒருவர் ஒருநாள் கூலியை இழந்து பஸ் ஏறாமல் தம் ஊரிலேயே டாக்டரிடம் பேசலாம். வேகம் என்பதன் பயன் இதுவன்றோ? எனவே எப்பணியிலும் பணம் செலவிடுமுன், தாமதம் எங்கே என்று அளந்தறியப் பழகுவோமாக.